அவரவர் நாற்றம்

நெடுங்கரிசல் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் நான்காம் வகுப்பில், பிள்ளைகள் ‘நமக்கு உதவுபவர்கள்’ என்ற பாடத்தைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில், பள்ளிக்கூடத்துக் கக்கூஸின் நாற்றம் தன் இடத்தைவிட்டு எழுந்து, மைதானத்தைக் குறுக்கே கடந்து, கொடிக்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்தது. வந்தது ஒரு நாற்றம் அல்ல, நூறு நூற்றிருபது நாற்றங்கள். மேய்ச்சல் விட்டு வரும் ஆடுகள் தெருமுனையில் பிரிந்து தங்கள் தங்கள் வீட்டுக்குப் போவதுபோல அவை வராந்தாவில் பிரிந்து, சில ஒன்றாம் வகுப்புக்கும், சில ஐந்தாம் வகுப்புக்கும், தடித்த ஒன்று ஹெட்மாஸ்டர் அறைக்கும் போய், ஒவ்வொன்றும் தனக்குரிய ஆளைத் தேடிக் கண்டுபிடித்துக் காலடியில் படுத்துக்கொண்டது.

அதற்குச் சற்று முன்னால் நடந்தது இதுதான். நான்காம் வகுப்பு ஆசிரியை தமயந்திக்குப் பிள்ளைகள் வாய்விட்டுப் பேசினால்தான் பாடம் மண்டையில் ஏறும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பெஞ்சுகளை அரைவட்டமாகப் போட்டு, நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து, கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் அவள் பாடம் நடத்துவாள். அன்றும் அப்படித்தான், தபால் கொண்டு வருவது யார், தபால்காரர், ஊசி போடுவது யார், நர்ஸ் அக்கா, தெருவைக் கூட்டுவது யார், தூய்மைப் பணியாளர் என்று பிள்ளைகள் கூரை அதிரக் கத்த, அந்த உற்சாகத்தில் தமயந்தி புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"சரி, நம்ம பள்ளிக்கூடத்துக் கழிப்பறையைச் சுத்தம் பண்றது யாரு?"

"முத்துப்பேச்சி!" என்று இருபத்தைந்து பிள்ளைகள் கத்தினார்கள், தபால்காரர் என்று சொன்ன அதே சந்தோஷத்தோடு.

இருபத்தாறாவது பிள்ளைதான் முத்துப்பேச்சி. ஒன்பது வயது. கிழக்குத் தெருவிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரும் ஒரே பெண்பிள்ளை. காலையில் பிரேயர் முடிந்ததும் மற்றவர்கள் வகுப்புக்குள் வரிசையாகப் போக, அவள் வாளியையும் விளக்குமாறையும் எடுத்துக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னால் போவாள். ஹெட்மாஸ்டர் சங்கரலிங்கம் செய்த ஏற்பாடு அது. பெண்பிள்ளைகள் பக்கம், ஆண்பிள்ளைகள் பக்கம், ஆசிரியர்களுடையது எல்லாம் அவள் வேலைதான். மூன்றாம் வகுப்பிலிருந்தே இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் தமயந்திக்கு இது இரண்டு வருடமாகத் தெரியும். ஊருக்கே தெரியும். ஆனால் இருபத்தைந்து வாய்கள் அதையே சரியான விடையாக ஒரே குரலில் சொல்லக் கேட்டது அதுவே முதல் தடவை. என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு டீச்சருக்குக் கைவந்ததை அவள் செய்தாள்.

"முத்துப்பேச்சி, எழுந்திரும்மா. எப்படிச் சுத்தம் பண்ணணும்னு எல்லாருக்கும் சொல்லு."

முத்துப்பேச்சி எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். "முதல்ல ரெண்டு வாளி தண்ணி ஊத்தணும். அப்புறம் பிளீச்சிங் பவுடர் போடணும். கண்ணு எரியும், கொஞ்சம் வெளிய வந்து நிக்கணும். அப்புறம் தேய்க்கணும். காஞ்சு போயிருந்தா ஓட்டுச்சில்லால சொரண்டணும்."

"ச்சீ!" என்றாள் முன்பெஞ்சில் இருந்த நிரஞ்சனா. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் வேலுச்சாமியின் மகள் அவள். "ஒனக்கு வாந்தி வராதா?"

"ஒண்ணாம் வகுப்புல வந்துச்சு. அதையும் நாந்தான கழுவணும், அதான் இப்ப வர்றதில்ல." யாரோ சிரித்தார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு முத்துப்பேச்சி மேலும் சொன்னாள். "யாரோடது எதுன்னுகூட எனக்குத் தெரியும் டீச்சர். நிரஞ்சனா தினமும் கொய்யாப்பழம் தின்னுட்டு வருவா, வெதையாக் கெடக்கும். ஹெட்மாஸ்டர் சார் தண்ணியே ஊத்த மாட்டாரு. நீங்க முந்தாநாள் பீட்ரூட் சாப்பிட்டிருக்கீங்க."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. வீட்டுப்பாடத்தை ஒழுங்காக முடித்துவிட்டு வந்த பிள்ளையின் குரல். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரிக்க, தமயந்தி நாற்காலியிலேயே கூனிப்போய் உட்கார்ந்திருக்க, அந்த நேரத்தில்தான் நாற்றங்கள் உள்ளே வந்தன. தமயந்தியினுடையது அவள் செருப்புக்குப் பக்கத்தில் வந்து, கன்றுக்குட்டிபோல ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, அவளேதான் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தது.

செப்டிக் டேங்க் உடைந்துவிட்டது என்றார் ஹெட்மாஸ்டர். கொத்தனார் வந்து மூடியைத் திறந்து பார்த்து, டேங்கில் ஒரு கீறலும் இல்லை, கக்கூஸில் மூக்கை வைத்துப் பார்த்தால் நேற்றுக் கட்டியதுபோல ஒரு வாடையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் மணி அடித்ததும் பிள்ளைகளோடு நாற்றங்களும் கிளம்பின. வீட்டுக்குப் போய் சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன. கட்டிலுக்கு அடியில் படுத்தன. குளித்தால் வெளியே காத்திருந்து தலை துவட்டியதும் திரும்ப வந்தன. சாம்பிராணி போட்டுப் பார்த்தார்கள், மல்லிகைப்பூ வைத்துப் பார்த்தார்கள், ஒரு வீட்டில் பையனை இரண்டு ராத்திரி மாட்டுத் தொழுவத்தில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். மாடுதான் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வியாழக்கிழமைக்குள் ஒவ்வொரு தலைக்கும் மேலே ஒரு சிறிய பச்சை ஈக்கூட்டம் குடைபிடித்ததுபோல நின்றது. மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் சத்துணவு ஆயா ஒரு கையால் ஈயை விரட்டி மறு கையால் சாம்பார் ஊற்ற, ஈ சாம்பாரில் விழ, பிள்ளைகள் அதை விரலால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தின்றார்கள்.

முத்துப்பேச்சியின் காலடியில் மட்டும் எதுவும் இல்லை. அவளைத் தேடி வர ஒன்றுமே மிச்சமில்லை. அவளுடையதை அவளே கழுவியிருந்தாள்.

இதை முதலில் கண்டுகொண்டது நிரஞ்சனா. கெட்டிக்காரப் பிள்ளை. வெள்ளிக்கிழமை இடைவேளையில் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், தன்னுடையதன்மேல் தண்ணீர் ஊற்றி, மூக்கைச் சுளித்துக்கொண்டு நாலு தேய் தேய்த்துவிட்டு வெளியே வந்தபோது, நாற்றம் அவள் காலிலிருந்து எழுந்து, எங்கே போவதென்று ஒரு நிமிடம் யோசித்து, வேலியோரமாகப் போய் மறைந்தது. அவள் ஓடி வந்து, "டீச்சர், டீச்சர், அவங்கவங்க கழுவிட்டா போயிருது!" என்று கத்த, வகுப்பே கைதட்டியது. திங்கட்கிழமைக்குள் பதினோரு பிள்ளைகள் நாற்றம் நீங்கி உட்கார்ந்திருந்தார்கள். வேறு ஊராக இருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும்.

தன் உரக்கடைக்குச் சரக்கெடுக்க வெளியூர் போய், அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம்தான் திரும்பிய வேலுச்சாமி மகளைத் தூக்கி மடியில் வைத்தார். முகர்ந்து பார்த்தார். இன்னொரு முறை முகர்ந்து பார்த்தார். ஈ ஒன்றுகூட இல்லை.

"என்ன பண்ணுன?" என்று கேட்டார்.

"கழுவுனேன்ப்பா. நானே."

அவர் அறைந்த அறையில் பிள்ளையின் காதுக்கம்மல் தெறித்துப் போய் விழுந்தது.

மறுநாளே பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். கிழக்குத் தெருவுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. "எம்புள்ள படிக்க வருதா, கக்கூஸ் கழுவ வருதா?" என்று வேலுச்சாமி கேட்டபோது நூறு பேர் அதுதானே என்றார்கள். அந்தக் கேள்வியை அதற்கு முன்னால் யார் கேட்டிருக்க வேண்டும் என்று அந்த நூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தமயந்திக்குத் தோன்றியது, ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. ஹெட்மாஸ்டர் சங்கரலிங்கம் தன் ஈக்களோடு எழுந்து நின்று, நிதானமாகப் பேசினார். "நாற்றம் நாற்றம்னு ஏன் சொல்றீங்க? நல்லா யோசிச்சுப் பாருங்க. இது யார் மேல இருக்கு? தன் கையால அந்த வேலையைத் தொடாதவங்க மேலதான் இருக்கு. அப்ப இது என்ன? கௌரவம்!"

கூட்டத்தில் யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் நாற்றம் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. ‘வாசம்’ என்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி, அம்மாக்கள் உச்சந்தலையில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்து, இருக்கிறது என்று தெரிந்த பிறகே உள்ளே விட்டார்கள். கழுவிவிட்ட பதினோரு பிள்ளைகளையும் வயிறு முட்டத் தின்னவைத்துப் பள்ளிக்கு அனுப்பி, தண்ணீர் ஊற்றாமல் வரச்சொல்லி, மறுபடி வாசம் பிடிக்கவைத்தார்கள். கோயில் கொடையில் வாசமான பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு முதல் திருநீறு கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் தம்பி தலையைச் சுற்றி எத்தனை ஈ என்று பார்த்துவிட்டு, திருப்தியாகத் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். பச்சை ஈ ஒன்று பாயசத்தில் விழுந்தபோது சம்பந்தி அதை நல்ல சகுனம் என்று சொல்லி, விழுங்கிவிட்டார்.

பள்ளியில் எதுவும் மாறவில்லை. தினமும் காலையில் முத்துப்பேச்சி வாளியோடு போனாள், கழுவினாள், வகுப்புக்கு வந்தாள். அவள் வரும்போது இப்போது எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். ஈ மொய்க்கும் இருபத்தைந்து பிள்ளைகள், தலையிலிருந்து லேசாகத் தேங்காயெண்ணெய் மணம் தவிர எந்த வாடையும் இல்லாத ஒரு பிள்ளையைப் பார்த்து, "வாசமில்லாதவ வர்றா, வாசமில்லாதவ வர்றா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். நிரஞ்சனாதான் எல்லோருக்கும் முன்னால் பொத்தினாள். முத்துப்பேச்சி தன் பாவாடையை முகர்ந்து பார்த்தாள், உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள், பிறகு கடைசி பெஞ்சில் சுவரோரமாக ஒடுங்கிக்கொண்டாள். தமயந்தி கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதவேண்டியதில்லாத எதையோ எழுதினாள்.

கல்வி அதிகாரி அம்மா ஆய்வுக்கு வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியதும் முந்தானையால் மூக்கை மூடினார். ஹெட்மாஸ்டர் மாலை போட்டு விளக்கிச் சொன்னார். டீ கொடுத்தார். டீ குடித்தபின் அதிகாரி அம்மா கட்டடத்துக்குப் பின்னால் ஒருமுறை போய்விட்டு வந்தார். அவர் ஜீப்பில் ஏறும்போது அவருடையதும் பின்னாலேயே போய், டிரைவர் பார்க்க, அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ‘மாணவர்களிடம் ஒழுக்கமும் தன்மானமும் மிக நன்று’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அன்று ஒரே நாளில் முத்துப்பேச்சியை மூன்று தடவை கழுவவைத்தார்கள், கடைசித் தடவை அதிகாரி அம்மாவுக்காக. சாயங்காலம் அவள் வாளியையும் விளக்குமாறையும் ஹெட்மாஸ்டர் அறை வாசலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

பத்து நாளில் கக்கூஸில் கால் வைக்க இடமில்லை. புழு படியிறங்கி மைதானத்துக்கு வந்தது. பிள்ளைகள் சுவருக்கு வெளியே உட்கார்ந்தார்கள். ஆனாலும் ஒருவரும் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து ஊற்றவில்லை.

தமயந்தியின் வீட்டில் பதினோரு மாதக் கைக்குழந்தை இருந்தது. நாற்றம் வந்த நாளிலிருந்தே பால் கொடுக்கத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். மாமியாருக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. "டீச்சர்னா சும்மாவா, வாசம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், புட்டிப்பால் குடுத்துக்கலாம்" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தை அவள் நெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளிவிட்டு ஓங்கரித்தது. தமயந்தி குழந்தையைக் கணவனிடம் கொடுத்தாள், கிளம்பினாள், பூட்டிய பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். தன்னுடையது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாகத் தெரிந்து வைத்திருந்தவள் ஒரு சின்னப் பெண்தான். தெரியாததால் எல்லாவற்றையும் கழுவினாள். கண் எரிந்தது. வாந்தி வந்தது. அதையும் கழுவினாள். ஓட்டுச்சில்லு எடுத்துச் சுரண்டும்போது, ஆறு வயதில் ஒரு பிள்ளை இதைக் குனிந்து செய்திருக்கும் என்று நினைத்து, நினைப்பு தாங்காமல் கொஞ்ச நேரம் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றாள். வெளியே வந்தபோது, அவள் காலடியில் இருந்தது எழுந்து போயிருந்தது.

அன்று இரவு குழந்தை பால் குடித்தது. மறுநாள் காலை அவளுடைய காபி எவர்சில்வர் டம்ளரில் வராமல், தின்பண்டம் வாங்கிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வந்தது. மாமியார் அதைக் கையில் தராமல் தரையில் வைத்தார். கணவன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தமயந்தி அதைக் குடிக்காமல் எழுந்து கிழக்குத் தெருவுக்குப் போனாள்.

அவளுக்கு முன்னாலேயே அங்கே ஹெட்மாஸ்டரும் வேலுச்சாமியும் வந்து, வாசலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். உள்ளே முத்துப்பேச்சியின் அம்மா ஆவுடைத்தாய் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் உலை கொதித்தது. முத்துப்பேச்சி அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நான்காம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆவுடை, சின்னப் புள்ளைய வேலை வாங்கினது தப்புதான்" என்றார் ஹெட்மாஸ்டர். "இனிமே அவ வாளியத் தொட வேண்டாம். அந்த வேலைய ஒனக்கே போட்டுக் குடுத்துடறோம். மாசாமாசம் சம்பளம். ஆர்டர்கூட டைப் அடிச்சுக் கொண்டாந்திருக்கேன்."

"இந்த ஊர்ல யாருக்குக் கெடைக்கும் இது?" என்றார் வேலுச்சாமி.

ஆவுடைத்தாய் விரலில் இருந்த பசையைத் துடைத்துக்கொண்டாள். "எம்மக கையில இருக்குற வெளக்கமாத்தப் புடுங்கி எங்கையில குடுக்கீங்க. அதுக்கு ஆர்டர் வேற."

"நல்லதுக்குத்தான சொல்றோம்..."

"சார், உள்ள வர மாட்டீங்க, வெளியவே நில்லுங்க, சரி. கொஞ்சம் காத்துக்கு அந்தப் பக்கமா நில்லுங்க. உலை கொதிக்குது. ஈ விழுந்துரும்."

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆர்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஈக்கள் பின்தொடர, நடந்தார்கள்.

தமயந்தி மட்டும் நின்றாள். "ஆவுடையக்கா, நான் கழுவிட்டேன். நேத்து. நானே போய் எல்லாத்தையும் கழுவிட்டேன்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

ஆவுடைத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு நாளு கழுவுனீங்க. அத ஏன் டீச்சர் இங்க வந்து சொல்லுதீங்க? மூணு வருசத்துல எம்மக ஒங்க வாசல்ல வந்து ஒரு நாளாச்சும் சொன்னாளா?"

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. ஆவுடைத்தாய் எழுந்து உலைமூடியைத் திறந்துவிட்டு வந்தாள்.

"நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றாள் தமயந்தி.

"காலையில பேரு கூப்பிடுவீங்கல்ல? அவ கழுவிட்டு வாரதுக்குள்ள கூப்புட்டு முடிச்சிருதீங்களாம். ரெண்டு வருசமா ரிஜிஸ்டர்ல அவ வரவே இல்லையாம். ராத்திரி படுத்துக்கிட்டுச் சொல்லுதா. மொதல்ல அவ பேரக் கூப்பிடுங்க."

மறுநாள் காலை தமயந்தி ரிஜிஸ்டரைத் திறந்து, அகரவரிசையை விட்டுவிட்டு, "முத்துப்பேச்சி" என்று கூப்பிட்டாள். அன்று திரும்பி வந்து, டீச்சர் சொன்னபடி முதல் பெஞ்சில், நிரஞ்சனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சிக்கு என்ன சொல்வதென்று ஒரு நொடி பிடிபடவில்லை. பிறகு "உள்ளேன் டீச்சர்" என்றாள், பக்கத்து வகுப்புக்கே கேட்கும்படி. வாளியையும் பவுடரையும் வராந்தாவில் எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டு, அவரவருடையதை அவரவர்தான் கழுவவேண்டும், நானும் கழுவுவேன் என்று தமயந்தி வகுப்பில் சொன்னாள். ஹெட்மாஸ்டர் வந்து கத்தினார். "இது ஊர் விஷயம் தமயந்தி, நீங்க தலையிடாதீங்க!" அவள் ஒரு வெள்ளைத் தாளை அவர் மேஜைமேல் வைத்து, "கிழக்குத் தெருப் பிள்ளைதான் கழுவணும்னு உங்க கைப்பட எழுதிக் குடுங்க சார், அதுபடி செய்யறேன்" என்றாள். அவர் பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார். எழுதவில்லை. வேறு ஒன்றும் சொல்லவுமில்லை.

ஊர் சொல்லிற்று. பக்கத்து டவுனில் ஒரு பிரைவேட் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே ஆள் வைத்துக் கழுவுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தார் வேலுச்சாமி. ஒரே வாரத்தில் நான்காம் வகுப்பில் பதினேழு பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். நிரஞ்சனா போகமாட்டேன் என்று அழுதாள். தரதரவென்று இழுத்துப்போனார்கள். மிச்சம் ஒன்பது பேர். வேன் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேர், வீட்டில் ஈத்தொல்லை தாங்க முடியாதென்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்ட பையன் ஒருவன், முத்துப்பேச்சி. இந்த ஒன்பது பேரும் இடைவேளையில் வரிசையில் நின்று, யார் நன்றாகத் தேய்த்தார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டு, நாற்றமில்லாமல் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். தமயந்தி டப்பாவில் வரும் காபியை வேண்டாம் என்று சொல்லி, வீட்டில் தனக்கென்று ஒரு அடுப்பு வைத்துக்கொண்டாள்.

டவுன் பள்ளிக்கூடத்தில் நாற்றம் தீர்ந்துவிடவில்லை. யார் கழுவினாலும், சம்பளம் கொடுத்துக் கழுவினாலும், அது தன் ஆளைத் தேடித் தவறாமல் வேனில் வந்து ஏறியது. தினமும் காலை எட்டேகாலுக்கு அந்த மஞ்சள் வேன் ஊரின் நடுத்தெரு வழியாக, மேலே ஒரு பெரிய பச்சை ஈ மேகத்தோடு போகும்போது, கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். பெண்கள் வாசலுக்கு வருவார்கள். ஹெட்மாஸ்டர் சங்கரலிங்கம் சைக்கிளை நிறுத்திக்கொள்வார். எல்லோரும் கண்ணை மூடி, நெஞ்சு விரிய, கோயிலில் தீபாராதனை பார்ப்பதுபோல மூச்சை இழுத்துக்கொள்வார்கள்.

அதே நேரத்தில் பையை முதுகில் மாட்டிக்கொண்டு முத்துப்பேச்சி அந்தத் தெரு வழியாகப் பள்ளிக்கு வருவாள். வேன் சத்தம் கேட்டதும் ஓரமாக ஒதுங்கி, ஊர் முழுக்கப் பார்க்க, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, வேன் முக்குத் திரும்பி மறையும்வரை அப்படியே நிற்பாள். அவள் அதற்கு முன்னால் மூக்கைப் பிடித்ததில்லை. ஒரு கையில் வாளி இருந்தது, மறு கையில் விளக்குமாறு.